நாலு லட்சமா, பத்தொன்பதாயிரத்து ஐந்நூறா?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. இந்த வருடம் பி.இ., இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ்) முடித்த பெண் நான். கையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஐ.டி. நிறுவனம். ஆண்டுக்கு நான்கு லட்சம் சி.டி.சி. அதில் 40,000 வேரியபிள். பேசிக் மாதம் 16,700. இரண்டு வருட பாண்டு போட வேண்டும், நடுவில் விலகினால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். அங்கே பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) விசாரித்தேன், மூன்று பேர் அறை சாப்பாட்டோடு 8,500 என்றார்கள். இன்னொன்று, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலெக்ட்ரானிக் போர்டுகள் செய்யும் ஆலையில் குவாலிட்டி ட்ரெய்னி. மாதம் 19,500 கிராஸ், பேசிக் 13,000. மூன்று ஷிஃப்ட், வாரம் ஆறு நாள். பஸ்ஸும் கேன்டீனும் இலவசம், விடுதிக்கு 2,000 பிடிப்பார்கள். வீட்டுக்கு மாதம் 8,000 அனுப்பியே ஆக வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை, மருந்துச் செலவு தனி. வேலை கற்றுக்கொள்ள வேண்டும், என்னை மதிக்க வேண்டும், நிம்மதியாகத் தூங்க வேண்டும், இரண்டு வருடத்தில் முன்னேற்றம் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். இதைச் சொன்னால், "வேலை கிடைச்சதே பெரிசு, இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதிர்பார்ப்பு ஜாஸ்தி" என்கிறார் அப்பா. நான் அதிகம் எதிர்பார்க்கிறேனா? எதில் சேருவது?

பதில்: முதலில் காசுக் கணக்கை முடித்துவிடுவோம். அது முடியாமல் மதிப்பு, தூக்கம், முன்னேற்றம் என்று வீட்டில் எதைப் பேசினாலும் எடுபடாது.

உங்களுக்கு வந்திருக்கும் இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் சொல்லப்பட்டவை அல்ல. ஐ.டி. நிறுவனம் சொன்னது சி.டி.சி., அதாவது உங்களுக்காக அவர்கள் ஒரு வருடத்தில் ஒதுக்கும் மொத்தத் தொகை. ஆலை சொன்னது கிராஸ், அதாவது பிடித்தங்களுக்கு முந்தைய மாதச் சம்பளம். நான்கு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 33,000 என்று உங்கள் வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள்.

நான்கு லட்சத்தில் வேரியபிள் 40,000 போய்விடும். அது வருடக் கடைசியில் நிறுவனத்தின் லாபத்தையும் உங்கள் மதிப்பீட்டையும் பார்த்துத் தருவது. முதல் வருடம் சேர்ந்த தேதியிலிருந்து கணக்கிட்டுக் குறைத்துத் தருவதும் உண்டு. நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, உச்சவரம்பான 15,000-க்கு 12 சதவீதம் என்று பிடித்தால் மாதம் 1,800, வருடத்துக்கு 21,600. கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, பேசிக்கில் 4.81 சதவீதம் ஒதுக்குவார்கள், உங்கள் பேசிக்குக்கு 9,639 வரும். நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் முடித்தால்தான் அது கைக்கு வரும். இரண்டு வருடத்தில் மாறும் எண்ணம் இருந்தால் அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள். குழுக் காப்பீட்டு பிரீமியம் ஓர் ஆறாயிரம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் கழித்தால் மிச்சம் 3,22,761, மாதம் 26,897. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,800. தொழில் வரி ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500, மாதத்துக்குப் பிரித்தால் 208. ஆக, கைக்கு வருவது ஏறக்குறைய 24,900. வருமான வரி கிடையாது.

ஆலையில் 19,500-லிருந்து பி.எஃப். 1,560, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம் சுமார் 147, தொழில் வரி 208 போனால் 17,585. விடுதிக்கு 2,000 கழித்தால் 15,585. ஆலை சொன்னதையும் சி.டி.சி.யாக மாற்றிப் பார்த்தால் நிறுவனப் பங்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு ஏறக்குறைய 2,68,000 வரும். நான்கு லட்சத்தோடு ஒப்பிட வேண்டிய எண் இதுதான், 2,34,000 அல்ல.

இனி மாதக் கடைசிக்குப் போவோம். ஐ.டி. வேலையில் 24,900. பி.ஜி. 8,500, அலுவலகம் போய்வர 1,800, மதியச் சாப்பாடு, டீ 1,500, போன் 350, ஊருக்கு இரண்டு தடவை போய்வர 1,200, வீட்டுக்கு 8,000. கையில் நிற்பது 3,550. ஆலையில் 15,585. விடுமுறை நாள் சாப்பாடு 800, போனும் ஊர்ப் பயணமும் அதே 1,550, வீட்டுக்கு 8,000. நிற்பது 5,235. காகிதத்தில் பெரிய சம்பளமாகத் தெரிவது மாதக் கடைசியில் 1,685 ரூபாய் குறைவாக நிற்கிறது. போக்குவரத்தும் டீயும் என் உத்தேசம்தான். உங்கள் எண்களைப் போட்டு ஒரு தாளில் நீங்களே மறுபடி எழுதுங்கள், அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் முதல் மாதம். முதல் சம்பளம் மாதம் முடிந்துதான் வரும். மாதக் கடைசியில் சேர்ந்தால் அந்தச் சில நாள் சம்பளத்தை அடுத்த மாதத்தோடு சேர்த்துத் தரும் இடங்களும் உண்டு. பி.ஜி.க்கு ஒரு மாத அட்வான்ஸ், முதல் மாத வாடகை, கைச்செலவு என்று கிளம்பும்போதே 22,000 வரை தேவைப்படும். ஆலைக்கு ஐயாயிரம் இருந்தால் சமாளித்துவிடலாம். இந்த 22,000-ஐ வட்டிக்கு வாங்க வேண்டிய நிலை என்றால், மேலே சொன்ன 3,550-இலிருந்து வட்டியையும் கழித்துக்கொள்ளுங்கள்.

பணத்தை இங்கே நிறுத்திக்கொள்வோம். நீங்கள் எழுதிய ஆசைகளில் எதுவும் அதிகப்படியானது அல்ல. ஆனால் நீங்கள் சொல்லியிருக்கும் விதத்தில் எதையும் யாரிடமும் கேட்க முடியாது. "மதிப்பா நடத்துவீங்களா" என்று எச்.ஆரிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். ஒவ்வொரு ஆசையையும், பதில் எழுத்தில் வரக்கூடிய அல்லது கண்ணால் பார்க்கக்கூடிய கேள்வியாக மாற்ற வேண்டும்.

கற்றுக்கொள்வதை எடுத்துக்கொள்ளுங்கள். போர்டு செய்யும் ஆலையில் எஸ்.எம்.டி. லைன், அதாவது போர்டில் உதிரிகளை ஒட்டும் இயந்திர வரிசை, எப்படி ஓடும் என்று உங்கள் பாடத்தில் ஒரு பக்கம் படித்திருப்பீர்கள். வெறும் போர்டில் ஸ்டென்சில் வைத்து சோல்டர் பேஸ்ட் தடவுவார்கள். பேஸ்ட் சரியான அளவில் விழுந்திருக்கிறதா என்று எஸ்.பி.ஐ. இயந்திரம் பார்க்கும், பிக் அண்ட் பிளேஸ் உதிரிகளை வைக்கும், ரீஃப்ளோ அடுப்பில் 240 டிகிரியைத் தாண்டும் உச்ச வெப்பத்தில் பேஸ்ட் உருகி ஒட்டும், கடைசியில் ஏ.ஓ.ஐ. கேமரா ஒட்டிய ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்துச் சந்தேகமானதைக் காட்டும். குவாலிட்டி ட்ரெய்னியைப் பெரும்பாலும் முதலில் உட்கார வைப்பது இந்த ஏ.ஓ.ஐ. திரைக்கு முன்னால்தான். கேமரா காட்டியது உண்மைப் பிழையா, அதன் தவறான சந்தேகமா என்று பார்த்து ஒரு பட்டனை அழுத்துவது வேலை. அங்கே ஒரு மாதம் இருப்பது நல்லது. சோல்டர் வழிந்து இரண்டு முனைகளை இணைத்துவிடும் பிரிட்ஜ் எப்படி இருக்கும், உதிரி ஒரு முனையில் எழுந்து நிற்கும் டூம்ப்ஸ்டோன் எப்படி இருக்கும், சரியாக உருகாத கோல்டு சோல்டர் எப்படி மங்கலாகத் தெரியும் என்று கண் பழகும். பதினோரு மாதம் அங்கேயே இருந்தால் நீங்கள் பட்டன் அழுத்தத்தான் கற்றிருப்பீர்கள். டூம்ப்ஸ்டோன் ஏன் வருகிறது, பேஸ்ட் ஒரு பக்கம் குறைந்ததாலா, போர்டில் உதிரி உட்காரும் பேடு அளவு சரியில்லையா, அடுப்பு வெப்பம் ஏறும் வேகமா என்று தேடிப் போகிறவரைத்தான் அடுத்த கம்பெனி கூப்பிட்டு எடுக்கும்.

ஆகவே ஆலையிடம் கேட்க வேண்டியது இது: "முதல் ஆறு மாதத்தில் எந்தெந்த ஸ்டேஷனில், எத்தனை வாரம் இருப்பேன்? ரொட்டேஷன் அட்டவணை இருக்கிறதா? ரிஜெக்‌ஷன் காரணம் தேடும் கூட்டத்தில் ட்ரெய்னிகள் உட்காருவார்களா?" அட்டவணை இருக்கும் இடத்தில் பத்து நிமிடத்தில் எடுத்துக் காட்டிவிடுவார்கள். "அதெல்லாம் போகப் போகத் தெரியும்" என்று பதில் வந்தால் அட்டவணை கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.டி. பக்கத்தில் இதே கேள்விக்கு வேறு உருவம். பயிற்சி எத்தனை வாரம், முடிவில் தேர்வு உண்டா, தேறாவிட்டால் என்ன ஆகும், எந்த ஸ்ட்ரீம், அதாவது எந்தத் தொழில்நுட்பப் பிரிவு, என்பதை யார் முடிவு செய்வார்கள் என்று கேளுங்கள். ஜாவா கற்றுக்கொண்டவரை ப்ராஜெக்ட் தேவை என்று இரவு நேர சப்போர்ட்டில் போட்டு, டிக்கெட் (வாடிக்கையாளர் புகார்) வந்தால் சரியான குழுவுக்குத் தள்ளிவிடும் வேலையில் ஒன்றரை வருடம் வைத்திருப்பது சாதாரணமாக நடக்கும். பயிற்சி முடிந்தும் ப்ராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் இருப்பதும் அப்படித்தான். சம்பளம் வரும், அனுபவம் வராது. போன வருடம் சேர்ந்த பேட்ச் சராசரியாக எத்தனை நாள் பெஞ்சில் இருந்தது என்ற கேள்வியை எச்.ஆரை விட உங்கள் கல்லூரி சீனியரிடம் கேட்பதே பலன் தரும்.

சீனியரிடம் "கம்பெனி எப்படி அக்கா?" என்று கேட்காதீர்கள். "பரவாயில்லை" என்பதைத் தாண்டி பதில் வராது. "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள்? உங்களோடு சேர்ந்தவர்களில் யார் யார் இப்போது இல்லை, ஏன் போனார்கள்? முதல் வருடம் வேரியபிள் கைக்கு எவ்வளவு வந்தது?" இந்த மூன்றும் போதும். இரண்டு நிறுவனத்திலும் தலா இரண்டு பேரையாவது பிடியுங்கள். முதல் வருடத்தை இப்போதுதான் முடித்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது, அவர்களுக்கு மறந்திருக்காது.

இப்போது பாண்டு. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த வரி இதுதான். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதை மட்டும் படித்துவிட்டு "பாண்டு செல்லாது, பயப்படாதே" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அப்படி ஒரே அடியாகச் சொல்ல முடியாது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடம் முடிவதற்குள் விலகும் அதிகாரி இரண்டு லட்சம் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது பொதுத்துறை வங்கி. ஆள் எடுக்கத் திரும்பத் திறந்த தேர்வு நடத்த வேண்டிய செலவையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. தனியார் நிறுவனம் என்றால் 74-ஆம் பிரிவு முக்கியம்: ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. உங்கள் பயிற்சிக்கு உண்மையில் என்ன செலவானது என்பது அங்கே பேசப்படும். ஆனால் அது நீதிமன்றத்தில் நடக்கும் பேச்சு. 22 வயதில் நடைமுறையில் உங்களை நிறுத்துவது சட்டம் அல்ல, வேலையிலிருந்து விடுவித்துத் தரும் ரிலீவிங் லெட்டர். பணம் கட்டாமல் அதைத் தர மாட்டோம் என்பார்கள், அடுத்த நிறுவனம் அது இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்னும்.

அதனால் கையெழுத்துக்கு முன் பாண்டு நகலை மெயிலில் அனுப்பச் சொல்லி ஐந்து இடங்களை மட்டும் தேடிப் படியுங்கள். இரண்டு வருடம் எப்போது தொடங்குகிறது, சேர்ந்த நாளிலிருந்தா, பயிற்சி முடிந்த நாளிலிருந்தா? பயிற்சி முடிந்து என்று இருந்தால் அது உண்மையில் இரண்டேகால், இரண்டரை வருடம். ஒன்றரை லட்சம் கடைசி நாள் வரை அப்படியே நிற்கிறதா, மாதாமாதம் குறைகிறதா? குறைந்தால் நல்லது, இருபது மாதம் உழைத்தவரிடமும் முழுத் தொகை கேட்பது நியாயம் இல்லை. நிறுவனமே உங்களை அனுப்பினால், அல்லது தேர்வில் தேறாமல் போனால், பணம் கட்ட வேண்டுமா? இந்த வரி இல்லாத பாண்டில் கையெழுத்துப் போடாதீர்கள், "நாங்கள் நீக்கினால் தொகை கிடையாது" என்று எழுதி வாங்குங்கள். நோட்டீஸ் காலம் 60 நாளா, 90 நாளா? கடைசியாக, ஜாமீன் கையெழுத்து யாருடையது? அப்பா ஜாமீன் போட்டால் நோட்டீஸ் செங்கத்துக்குப் போகும். வெற்றுக் காசோலை கேட்டால் அந்த வேலையே வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலரை ஆறு மாதம் வீட்டில் உட்கார வைத்தது. உங்கள் கையில் இருப்பது வேலை தரும் எண்ணத்தை மட்டும் சொல்லும் லெட்டர் ஆஃப் இன்டென்டா, ஆஃபர் லெட்டரா, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரா? சேரும் தேதி அச்சாகியிருக்கிறதா, "பின்னர் தெரிவிக்கப்படும்" என்று இருக்கிறதா? தேதி இல்லாத கடிதத்தை நம்பி, தேதி உள்ள வேலையைக் கைவிடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் தருவது கட்டாயம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆலைக் கடிதத்திலும் ஒரு கண்ணி இருக்கலாம். அதில் இருப்பது ட்ரெய்னியா, அப்ரண்டிஸா? வாசலில் இரண்டையும் ஒன்றாகத்தான் பேசுவார்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் நீங்கள் சட்டப்படி ஊழியர் அல்ல, பயிற்சி பெறுபவர். பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, வருடம் முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் இல்லை. அது தவறான ஏற்பாடு என்று சொல்லவில்லை, ஆனால் மேலே நான் போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும். உங்கள் கடிதத்தில் பேசிக் தனியாகக் காட்டியிருப்பதால் ட்ரெய்னியாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. இருந்தாலும் "முதல் மாதத்திலிருந்தே பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா" என்று ஒரு வரி மெயில் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கூடவே, போன வருட ட்ரெய்னிகளில் எத்தனை பேர் கன்ஃபர்ம் ஆனார்கள், கன்ஃபர்ம் ஆனதும் பதவி என்ன, சம்பளம் என்ன என்றும் கேளுங்கள். இரண்டு வருடத்தில் முன்னேற்றம் தெரிய வேண்டும் என்ற ஆசைக்கு ஆலையில் இருக்கும் ஒரே அளவுகோல் இந்தப் பதில்தான்.

இ.எஸ்.ஐ. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்பாவின் சர்க்கரை உங்கள் கணக்கில் இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உங்களுக்கு மட்டும் அல்ல, வருமானம் இல்லாமல் உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் மருத்துவம், மருந்து கிடைக்கும். பதிவின்போதே அப்பா, அம்மா பெயர், ஆதார், போட்டோ கொடுத்துவிட வேண்டும். பின்னால் சேர்க்கலாம் என்று விட்டவர்கள் அவசரத்தில் அலைவார்கள். அவர்கள் ஊரில் இருப்பதால் அவர்களுக்கு அருகிலுள்ள மருந்தகத்தைத் தனியாகக் குறிப்பிட முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள். பெரிய சிகிச்சைக்குச் சென்னையில் கே.கே.நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஐ.டி. பக்கம் குழுக் காப்பீடு வேறு வகை: ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம், மாதாந்திர மருந்துக்குப் பெரும்பாலும் கிடையாது. பெற்றோரைச் சேர்க்க முடியுமா, சேர்த்தால் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை முதல் நாளிலிருந்தே கவராகுமா என்று கேளுங்கள். மாதம் ஆயிரத்துச் சொச்சம் மருந்துக்குப் போகும் வீட்டில் இந்த வித்தியாசம் ஒரு சம்பள உயர்வுக்குச் சமம்.

மதிப்பு என்பதைக் காகிதத்தில் கேட்க முடியாது, ஆனால் பார்க்க முடியும். ஆலைக்கு மெடிக்கல் செக்கப் அல்லது சான்றிதழ் சரிபார்க்கக் கூப்பிடுவார்கள் அல்லவா, அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். டைம் ஆபீஸ் பக்கத்து நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று படியுங்கள். பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அதன் விவரம் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். பெயர்களும் போன் எண்ணும் இருக்கின்றனவா, அந்தத் தாளில் இருப்பவர்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்களா? மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியோடு மஞ்சளாகிப் போன தாள் ஒன்று தொங்கினால் அந்தக் குழு கூடுவதே இல்லை என்று ஊகிக்கலாம். ஷிஃப்ட் நேரம் தமிழில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். செக்யூரிட்டி ஒப்பந்தத் தொழிலாளியை எப்படிக் கூப்பிடுகிறார் என்று கவனியுங்கள். உங்களை "மேடம்" என்றுவிட்டு அவரை "டேய்" என்றால், ட்ரெய்னி பேட்ஜ் போட்ட மறுநாள் உங்களுக்கும் அதுதான்.

லைனில் வேலை செய்யும் பெண்கள் யாராவது கேன்டீனில் கிடைத்தால் ஒரே ஒரு கேள்வி: "அக்கா, ரிலீவர் இருக்காங்களா?" லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் கழிப்பறைக்குப் போனால் அந்த இடத்தில் நிற்க இன்னொருவர் வேண்டும், அவர்தான் ரிலீவர். ரிலீவர் இல்லாத லைனில் தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிவிடுவார்கள், பிறகு சிறுநீர்த் தொற்றோடு மருந்தகத்தில் நிற்பார்கள். மதிப்பு என்ற பெரிய சொல் அங்கே இந்த ஒரு ஆளில் வந்து நிற்கிறது. ஐ.டி. பக்கத்தில் இதற்கு இணையானது, இரவு நேர வேலை என்றால் எழுத்தில் சம்மதம் வாங்குகிறார்களா, கேப் வீட்டு வாசல் வரை வருமா, காவலர் கூட வருவாரா என்பது.

விடுதியை நேரில் பார்க்காமல் சரி என்று சொல்லாதீர்கள். 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கத்து விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட, ஸ்ரீபெரும்புதூர் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதன் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உங்கள் விடுதி எது என்று கேளுங்கள். ஓர் அறையில் எத்தனை கட்டில், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்களுக்குத் தனி அறை உண்டா? கடைசிக் கேள்விதான் உங்கள் தூக்கத்தைத் தீர்மானிக்கும். காலை ஷிஃப்ட்காரர்களும் இரவு ஷிஃப்ட்காரர்களும் ஒரே அறை என்றால் யாரும் தூங்க முடியாது. ஷிஃப்ட் வாரா வாரம் மாறுகிறதா என்றும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாறினால் உடம்பு பழகவே பழகாது. ஓவர்டைம் செய்தால் இரட்டைச் சம்பளம் சட்டப்படி உண்டு, அது ட்ரெய்னிகளுக்கும் தரப்படுகிறதா, இல்லை ஒரு நாள் லீவு கொடுத்துச் சரிக்கட்டுகிறார்களா? ஐ.டி.யில் சேர்ந்து பி.ஜி. சரிப்படவில்லை என்றால் வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தமிழக அரசு நடத்தும் தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு தோழி விடுதிகளில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதில் சேருவது என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். ஆலை மெயிலில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு என்று உறுதி வந்து, ரொட்டேஷன் அட்டவணையைக் காட்டி, விடுதியும் பார்க்கத் தகுந்ததாக இருந்தால் ஆலை. உங்கள் படிப்புக்கு நேரான வேலை, மாதக் கடைசியில் கையில் கூடுதல் பணம், அப்பாவுக்கு மருந்து, விலகினால் கட்ட வேண்டிய ஒன்றரை லட்சம் இல்லை. பி.எஃப்.-இ.எஸ்.ஐ., அட்டவணை, விடுதி என்ற மூன்றில் ஒன்று சறுக்கினாலும், குறிப்பாக அது அப்ரண்டிஸ் ஒப்பந்தம் என்று தெரிந்தால், ஐ.டி. பக்கம் போங்கள், ஆனால் மாதாமாதம் குறையும் பாண்டும், தேதி போட்ட கடிதமும் கையில் வந்த பிறகு. சனி ஞாயிறு விடுமுறை ஐ.டி.யில்தான் கிடைக்கும். ஆலையில் வாரம் ஒரு நாள், அதுவும் ஞாயிறாக இருக்கும் என்று உறுதி இல்லை. இதைத் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறீர்கள், மூன்றாவது மாதம் அழுவதற்கு முன் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் எதிர்பார்ப்பு பற்றி வாதாட வேண்டாம். வேலை கிடைத்ததே பெரிது என்று அவர் சொல்வது அவர் பட்ட பாட்டிலிருந்து வருவது. அவருக்குக் காட்ட வேண்டியது 3,550, 5,235 என்ற இரண்டு எண்களும், இ.எஸ்.ஐ. அட்டையில் வரப்போகும் அவருடைய போட்டோவும். ஊரில் "பொண்ணு ஐ.டி.ல இருக்கு" என்று சொல்லிக்கொள்ளும் பெருமையை அவர் இழப்பார் என்பது உண்மை. அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

இந்த வாரமே இரண்டு எச்.ஆருக்கும் ஒரே மாதிரி மெயில் அனுப்புங்கள். நன்றி சொல்லி, ஐந்து கேள்விக்கு மேல் வைக்காமல், எந்தத் தேதிக்குள் பதில் தேவை என்று எழுதுங்கள். போனில் பதில் சொன்னால், "இன்று போனில் நீங்கள் சொன்னபடி" என்று தொடங்கி அதையே மெயிலாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்த இடத்துக்கும் இரண்டு வரி எழுதித் தெரிவியுங்கள், உங்கள் கல்லூரிக்கு அடுத்த வருடமும் அவர்கள் வர வேண்டும். சேரும் நாளில் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி சான்றிதழ்களின் நகல் இரண்டு செட், ஆதார், பான், வங்கிப் புத்தக முதல் பக்கம், எட்டு பாஸ்போர்ட் போட்டோ, அப்பா அம்மா ஆதார் நகல் எடுத்துப் போங்கள். அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் கேட்டால் காட்டுங்கள். "இங்கேயே இருக்கட்டும், போகும்போது வாங்கிக்கோங்க" என்றால், கல்லூரியில் இன்னும் ஒரு சான்றிதழுக்கு அசல் தேவைப்படுகிறது என்று சொல்லிக் கையோடு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.